உத்தரத்துக்குக் கீழே ஒரு கட்டில்

நானும் என் மனைவியும் சேர்ந்துதான் கரையான் மருந்து அடிக்கிற வேலைக்குப் போவோம். சென்னையில் ஒரு கம்பெனியில் சில வருஷம் இதே வேலையைப் பார்த்தேன். தினமும் ரயிலில் தொங்கிக்கொண்டு போய்வருவது உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. திருத்தணியிலேயே சொந்தமாக ஆரம்பித்தேன். ஆள் வராத ஒரு நாள் அவள் கூட வந்தாள், அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. அவள் என் மாமன் மகள், நகரிப் பக்கம். தெலுங்கில்தான் கனவு காண்பாள். என்னை இன்றைக்கும் பாவா என்றுதான் கூப்பிடுகிறாள். அவள் கூட வந்தால் வீட்டுப் பெண்கள் சமையலறை, பூஜை அறை எல்லாவற்றையும் தயங்காமல் திறந்துவிடுவார்கள்.

மலைக்குப் போகிற சாலையிலிருந்து பிரிகிற தெரு ஒன்றில் இருந்தது அந்த வீடு. கோடை மழை முதல் தடவை கொட்டிய மறுநாள் அந்த வீட்டு அம்மா போன் செய்தார்கள். கூடத்து நடுவில் தரையைப் பிளந்துகொண்டு ஈசல் வந்ததாகச் சொன்னார்கள். வீட்டுக்குள்ளிருந்தே ஈசல் கிளம்பினால் கரையான் உள்ளேயே குடித்தனம் வைத்திருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே போனோம்.

பெரிய வீடு. கூடத்தில் நான்கு மரத் தூண்கள், அவற்றின் மேல் ஆள் உயரத்தைவிடப் பல மடங்கு நீளமான தேக்கு உத்தரம், அதன் மேல் குறுக்குக் கட்டைகள், கட்டைகளின் மேல் செங்கல்லை நிறுத்திவைத்துச் சுண்ணாம்பு போட்ட தளம். வாசலுக்கு நேராக, உத்தரத்துக்குச் சரியாகக் கீழே, ஓர் இரும்புக் கட்டில். அதில் அந்த அம்மாவின் கணவர் படுத்திருந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. நெல்லும் கரும்பும் போட்டு நான்கு பேரை அதட்டி வேலை வாங்கிய மனிதர் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். இப்போது இடது கையால் போர்வை ஓரத்தைப் பிடித்துச் சுருட்டுவார், விடுவார், மறுபடி சுருட்டுவார்.

நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு சுவர் ஓரமாகத் தேடினேன். சாமி காலண்டரை நகர்த்தியதும் தெரிந்தது. விரல் பருமனுக்கு ஒரு மண் கோடு தரையிலிருந்து கிளம்பி உத்தரம் சுவருக்குள் நுழைகிற இடம் வரைக்கும் போயிருந்தது. என் மனைவி ஏணியில் ஏறி ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் உத்தரத்தைத் தட்டிக்கொண்டே போனாள். நடுவில் கல் மாதிரி இருந்தது. சுவர் ஓரத்துக்கு வந்ததும் சத்தம் மாறியது. முனையை வைத்து லேசாக அழுத்தினாள். வெண்ணெயில் போவது போல் பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது.

"பாவா, உத்தரத்து முனை முழுக்கப் போயிருக்குது" என்று மெதுவாகச் சொன்னாள்.

அப்போதுதான் பெரியவர் முதல் தடவையாகப் பேசினார். "இண்டிகி போதாம்."

"ஆங், போலாம், போலாம்" என்றார்கள் அந்த அம்மா, அடுப்படியிலிருந்தே.

என் மனைவி ஏணியிலிருந்து இறங்கி அவரைப் பார்த்தாள். வீட்டுக்குப் போகலாம் என்கிறார். அவர் வீட்டிலேயே படுத்துக்கொண்டு சொல்கிறார்.

அந்த அம்மா காபியோடு வந்தார்கள். "பேச்சு நின்னு போயிருந்துச்சும்மா. ஆறேழு மாசம் கழிச்சு வந்தப்ப இந்த ரெண்டு வார்த்தைதான் வந்துச்சு. வேற எதுவும் வரல. வீட்ல நாங்க தமிழ்தான். அவங்கம்மா கூட மட்டும் தெலுங்குல பேசுவாரு, அவங்க போயி எத்தினியோ வருஷம் ஆச்சு. பசிச்சாலும் இதான், வெளிக்கு வந்தாலும் இதான், ஒண்ணும் இல்லன்னாலும் இதான். நானும் போலாம் போலாம்னு சொல்லிகினே இருப்பேன். சொன்னா அடங்கிடுவாரு."

என் மனைவி கட்டில் பக்கம் குனிந்து, "ஏ இண்டிகி நைனா?" என்று கேட்டாள். எந்த வீட்டுக்கு அப்பா என்று. அவர் போர்வையைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். அவருக்கு அந்தக் கேள்வி புரிந்தது என்று அவள் இன்றைக்கும் சொல்கிறாள். ஆனால் வாயிலிருந்து வந்தது அதே இரண்டு வார்த்தைதான். ஒரு கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வழிந்தது. "அது எப்பவும் வழியும்" என்று அந்த அம்மா முந்தானையால் துடைத்துவிட்டார்கள்.

நான் செய்ய வேண்டியதைச் சொன்னேன். சுவரும் தரையும் சேருகிற இடத்தில் வீடு முழுக்கத் துளை போட்டு மருந்து இறக்க வேண்டும். மரத்தில் துளை போட்டு, மண்ணெண்ணெயில் கலந்த எண்ணெய் மருந்தை ஊசியால் ஏற்ற வேண்டும். உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்து, கொத்தனாரை வைத்து இரும்பு கர்டர் போட வேண்டும். இந்த வேலை முடிகிற வரைக்கும் வீட்டில் யாரும் இருக்கக் கூடாது.

"இவர எங்க தம்பி தூக்கிகினு போறது? நான் அடுப்படில போட்டுக்கறேன்."

"அடுப்படிக்கும் வாசனை வரும்மா. ஏற்கெனவே நெஞ்சுல சளி கட்டியிருக்குது. மண்ணெண்ணெய் நெடி ஆவாது அவருக்கு."

"கூடத்த விட்டுட்டு மத்த எடத்துல அடிச்சிட்டா?"

"கூடத்துலதான் இருக்குது."

அந்த அம்மா அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தார்கள். பார்த்தால் ஒன்றும் தெரியாது. கரையான் வெளித்தோலை விட்டுவிட்டு உள்ளே மட்டும் தின்னும். எண்ணெய் பூசிய மாதிரி கறுப்பாக, உறுதியாகத்தான் தெரிந்தது.

"அவரு வெளிய போயி மூணு வருஷம் ஆச்சு. ஆஸ்பத்திரிலருந்து வந்ததுதான். யோசிச்சு சொல்றேன்" என்றார்கள்.

யோசனை பல வாரம் போனது. நான் இரண்டு தடவை போனில் நினைவுபடுத்தினேன். அரக்கோணத்தில் இருக்கிற அவர்கள் மகளும் என்னிடம் பேசினாள். கணவருக்கு ரயில்வேயில் வேலை, குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். "எங்க வீட்டுக்குக் கூட்டிகினு வாம்மான்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குதுண்ணா. கேக்க மாட்டேங்குது" என்றாள். அவரைப் பார்க்க வருகிற டாக்டரும் மருந்து அடிக்கும்போது அவர் அங்கே இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

ஆடி பிறந்த பிறகு ஒரு நாள் காலையில் அந்த அம்மாவே கூப்பிட்டார்கள். பெரியவருக்கு வாய் துடைக்கப் போனபோது அவருடைய தலைமாட்டில் செங்கல் தூள் கொட்டிக்கிடந்ததாம். தலைமுடியிலும் இருந்ததாம். "தூங்கிகினு இருந்தாரு, தெரியல அவருக்கு. நீ வந்து அடிச்சிடு தம்பி" என்றார்கள்.

நான் முதலில் இரும்பு முட்டு கொண்டுபோய் உத்தரத்துக்குக் கீழே நிறுத்தினேன். அதற்கு மறுநாள் மகள் வேன் அனுப்பினாள். பெரியவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் துண்டால் கட்டி, நானும் டிரைவரும் தூக்கினோம். பாரமே இல்லை. வாசற்படி தாண்டியதும் வெயில் பட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வேனுக்குள் ஏற்றுவதற்கு முன்னால், மூச்சு வாங்க நாற்காலியைத் தெருவில் இறக்கினோம். அங்கிருந்து மலை முழுதாகத் தெரியும். அவர் கண்ணைத் திறந்து மேலே பார்த்தார். நல்ல கையை நெற்றி வரைக்கும் கொண்டுபோனார். வேன் கிளம்பும்போது அந்த அம்மா ஜன்னல் வழியாகச் சாவியை என் மனைவியிடம் கொடுத்து, "விளக்கு மட்டும் ஏத்திடும்மா. இருட்டா கெடக்க வேணாம்" என்றார்கள்.

வேலை நாங்கள் நினைத்ததைவிடப் பெரியது. பூஜை அறைக் கதவு நிலைக்குப் பின்னால் சுவருக்குள்ளேயே தேன்கூடு மாதிரி ஒரு கூடு இருந்தது. இரண்டு தூண்களின் அடிப்பாகம் மண்ணாகியிருந்தது. துளை போட்டு, மருந்து இறக்கி, வெள்ளை சிமென்ட் வைத்து அடைத்துக்கொண்டே போனோம். கொத்தனார் கர்டரை ஏற்றினார். சாயங்காலம் வேலை முடிந்ததும் என் மனைவி பூஜை அறையில் விளக்கேற்றுவாள். எண்ணெய் மருந்தின் நெடியில் அவளுக்கு இருமல் வரும். விளக்கைத் தள்ளிவைத்து ஏற்றிவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வருவாள்.

தினமும் அந்த நேரத்துக்கு அந்த அம்மாவின் போன் வரும். என் மனைவி ஸ்பீக்கரில் போடுவாள்.

"வாசனை போச்சாம்மா?"

"இன்னும் கொஞ்சம் இருக்குதும்மா. ஜன்னல்லாம் தெறந்துதான் வெச்சிருக்கோம்."

"மாடில கெடக்கறாரு. ரயில் சத்தம் கேட்டா முழிச்சிக்கறாரு. கஞ்சி சரியா குடிக்க மாட்டேங்கறாரு." பின்னால் பெரியவரின் குரல் கேட்கும். இண்டிகி போதாம். "கேட்டியா? இங்க வந்ததுலருந்து அதிகமா சொல்றாரும்மா. இல்ல எனக்குத்தான் அப்பிடித் தோணுதோ என்னவோ. அங்க இருக்கும்போதும் இதானே சொல்லிகினு இருந்தாரு. இப்ப சொல்றது நம்ம வீட்டதானா?"

என் மனைவி போன் பக்கம் குனிந்து, "போதாம் நைனா, ரெண்டு நாள்ல போதாம்" என்பாள். அந்தப் பக்கம் குரல் நின்றுவிடும்.

வேலை முடிந்தது. நெடி குறைவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலைத் திறந்துவைக்க முடியவில்லை. மழை விட்டு, இனிமேல் வரலாம் என்று நான் சொன்ன நேரத்தில் ஆடிக் கிருத்திகை வந்துவிட்டது. அந்த நாட்களில் எங்கள் ஊருக்குள் எந்த வண்டியும் நுழைய முடியாது. வெளியூர் பஸ்ஸை எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். தெரு முழுக்க மஞ்சள் துணி கட்டிய ஜனமும் காவடியும்தான். அந்தத் தெரு வழியாகத்தான் பாதிக் கூட்டம் மலைக்குப் போகும். படுத்தபடுக்கையாக இருக்கிறவரை அதற்குள் எப்படிக் கொண்டுவருவது? தெப்பம் முடிந்து கூட்டம் கலையட்டும் என்று மகள் சொன்னாள். நானும் அதுதான் சரி என்றேன். அந்த அம்மா மட்டும், "நடந்தாவது தூக்கிகினு வந்துடலாமே" என்று கேட்டுப் பார்த்தார்கள்.

கூட்டம் கலைகிற அன்று விடியற்காலையில் மகள் எனக்குப் போன் செய்தாள்.

"நைனா போயிட்டாருண்ணா. வீட்டுக்குத்தான் கொண்டாறோம். கொஞ்சம் தெறந்து வைங்க."

நானும் என் மனைவியும் ஓடினோம். தெருவில் மொட்டையடித்த குடும்பங்கள் மூட்டையோடு ரயிலடிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கீழெல்லாம் மிதிபட்ட பூவும் கரும்புச் சக்கையும். கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தோம். சில நாளாக மூடிக்கிடந்ததில் நெடி மறுபடி தேங்கியிருந்தது. என் மனைவி குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித் தரையைத் தேய்த்தாள். நான் கட்டிலைத் தூக்கி வீட்டுக்குப் பின்பக்கம் போட்டேன். "எதுக்கு இப்பிடி தேய்க்கறேன்னு எனக்கே தெரியல பாவா. அவருக்கு இப்ப நெடி என்னா பண்ணப் போவுது" என்றாள். ஆனால் நிறுத்தவில்லை.

ஐஸ் பெட்டியைக் கூடத்தில்தான் வைத்தார்கள், கட்டில் இருந்த அதே இடத்தில். மேலே புது இரும்பு கர்டர், பெயின்ட் கூட அடிக்கவில்லை. சுவர் ஓரம் முழுக்க நாங்கள் அடைத்த வெள்ளை சிமென்ட் புள்ளிகள். துக்கத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரும் உள்ளே நுழைந்ததும் முகத்தைச் சுளித்தார்கள். "என்னா வாசனை இது?" என்று ஒருவர் கேட்க, இன்னொருவர், "உத்தரத்த செல்லு அரிச்சிருந்துச்சாம், அதுக்கு மருந்து அடிச்சாங்களாம்" என்றார். நான் தெரு ஓரத்தில் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். இந்தத் தொழிலில் எத்தனையோ வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு யாராவது என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மா என்னைப் பார்த்து, "சாப்டியா தம்பி? பக்கத்து வீட்ல போட்டுகினு இருக்காங்க பாரு" என்றார்கள். அதைத் தாங்க முடியவில்லை.

நான் சொன்னதில் தப்பில்லை. அந்த உத்தரத்து முனை என்றைக்காவது ஒரு நாள் விழுந்திருக்கும், அவர் நெஞ்சின் மேலேயே விழுந்திருக்கும். இன்றைக்கு அப்படி ஒரு வீட்டைப் பார்த்தாலும் அதையேதான் சொல்வேன். ஆனாலும் அதற்குப் பிறகு எந்த வீட்டிலும், ரெண்டு நாள் வெளிய இருங்க என்று சொல்ல வரும்போது எனக்கு வாய் குழறுகிறது. பல நேரம் என் மனைவிதான் சொல்கிறாள்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு அந்த அம்மா தனியாகவே அந்த வீட்டில் இருந்தார்கள். மகள் அழைத்தும் போகவில்லை. ஒரு நாள் எங்களைக் கூப்பிட்டு, சமையலறையில் மண் கோடு தெரிகிறது என்றார்கள். போய்ப் பார்த்தோம். குளவிக் கூடு. எடுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பும்போது என் மனைவியின் கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

"நீ தெலுங்குக்காரிதானே. நீயே சொல்லு. அவரு எந்த வீட்ட சொன்னாரு?"

"தெரிலம்மா."

"அவங்கம்மா வீடா? இதா?"

"அன்னிக்கு நானும் கேட்டேன். அவரு சொல்லல." என் மனைவி கொஞ்சம் யோசித்து, "நீங்கதான் ஒவ்வொரு தடவையும் போலாம்னு சொன்னீங்களே. அவருக்கு அது போதும்மா" என்றாள்.

அந்த அம்மா தலையை ஆட்டினார்கள். "கடைசியா நான் அப்பிடிச் சொல்லல. ராவெல்லாம் தூங்க விடல அன்னிக்கு. சொன்னதையே சொல்லிகினு இருந்தாரு. மருமவன் டூட்டி முடிச்சு வந்து படுத்துகினு இருக்காரே, சத்தம் கேக்குமேன்னு, 'சும்மா படுய்யா'ன்னுட்டேன். அதோட பேச்சே இல்ல. அடங்கிட்டாரேன்னு நானும் கண்ண மூடிட்டேன்."

என் மனைவி அவர்கள் கையை விடாமல் உட்கார்ந்திருந்தாள். நான் வெளியே வந்து வண்டியில் சாமான்களைக் கட்டினேன். கட்டி முடித்து வெகு நேரம் கழித்துத்தான் அவள் வந்தாள்.

அதன் பிறகு மாதம் ஒரு தடவையாவது போன் வரும். தூணில் தூள் கொட்டுகிறது, நிலையில் சத்தம் கேட்கிறது என்பார்கள். ஒன்றும் இருக்காது. ஆனாலும் நாங்கள் வீடு முழுக்கத் தட்டிப் பார்ப்போம். அவர்களும் கூடவே வருவார்கள். எங்கேயும் இல்லை என்று சொன்னதும் சோறு போடுவார்கள். கொஞ்ச நாளில் என் மனைவி ஏணி, டார்ச் எதுவும் இல்லாமலே போய்வர ஆரம்பித்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் அவர்களுக்குக் காய்ச்சல் வந்து, அடுப்படியில் மயங்கி விழுந்துவிட்டார்கள். பால் ஊற்றுகிறவர் பார்த்துத் தகவல் சொல்லியிருக்கிறார். அந்தத் தடவை மகள் யோசிக்க விடவில்லை. அரக்கோணத்துக்கு அழைத்துப் போய்விட்டாள். வீடு பூட்டிக்கிடந்தது. அப்புறம் விற்றுவிட்டதாகக் கேள்விப்பட்டோம். வாங்கியவர் லாட்ஜ் கட்டப் போகிறார் என்றார்கள். எங்கள் ஊரில் மலைப் பாதை ஓரத்து மனையெல்லாம் ஒவ்வொன்றாக லாட்ஜாகிக்கொண்டிருக்கிறது, அதில் ஆச்சரியம் இல்லை. இடிக்கும்போது நான் அந்தப் பக்கமே போகவில்லை. உத்தரத்தையும் தூண்களையும் பழைய மர வியாபாரி லாரி கொண்டுவந்து ஏற்றிப்போனதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்.

அஸ்திவாரம் தோண்டியதும் அந்த லாட்ஜ்காரர் எனக்கே போன் செய்தார். கட்டடம் எழும்புவதற்கு முன்னால் குழியில் மருந்து அடித்துவிட்டால் பிற்பாடு கரையான் ஏறாது, இப்போது எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். என் மனைவி, "நான் வரல பாவா, நீங்க போயிட்டு வாங்க" என்றாள். சம்பள ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். வீடு இருந்த இடத்தில் சிவப்பு மண் குழிகள். கூடம் எங்கே, அடுப்படி எங்கே என்று என்னால் சரியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. தெருவிலிருந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், அப்போதும் குழப்பமாகத்தான் இருந்தது. குழிக்குள் இறங்கி மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு, ஓரங்களுக்கெல்லாம் மருந்து அடித்து முடித்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது என் மனைவி அந்த அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். எங்கே போயிருந்தேன் என்று அவளே சொல்லிவிட்டிருந்தாள். என்னிடம் போனைக் கொடுத்தாள்.

"தோண்டிட்டாங்களா தம்பி?"

"ஆங், தோண்டிட்டாங்கம்மா."

"அடியில இருந்துச்சா, செல்லு?"

"இல்லம்மா. நல்லா கிளறிப் பாத்தேன். எங்கயும் ஒண்ணுகூட இல்ல."

அந்தப் பக்கம் ரயில் ஒன்று போகிற சத்தம் கேட்டது.

"நல்லாத்தான் அடிச்சிருக்க" என்றார்கள். "பொண்ணு கிட்ட குடு, கொழம்பு என்னா வெச்சான்னு கேட்டுகினு இருந்தேன்."